போனில் தலையாட்டியவள்

கேமரா ஸ்டோரில் இருக்கிற அக்காவிடம் சொக்குப்பொடி இருக்கிறதாம்.

இதை அவளிடமே வந்து சொன்னவர் கேன்டீன்காரர். அவருக்குச் சொன்னது இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி. அவளுக்குச் சொன்னது அவளுடைய அறைத்தோழி. அறைத்தோழிக்கு யார் சொன்னது என்று கேட்டால், "எல்லாரும்தான் சொல்றாங்க." அந்த அக்காவின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தால் போதுமாம், பத்து வருஷம் வாய் திறக்காதவனும் கொட்டித் தீர்த்துவிடுவானாம். குடிக்கக் கொடுக்கிற தண்ணீரில்தான் என்னவோ கலக்கிறாளாம். போன வருஷம் ஒரு தீயணைப்புக்காரர் பேட்டி கொடுக்க வந்து, கேட்ட கேள்வியை விட்டுவிட்டு இருபது நிமிஷம் அழுதாராம்.

"தீயணைப்புக்காரரே தண்ணி விட்டுட்டாருன்னா பாத்துக்கோயேன்," என்றார் கேன்டீன்காரர், டீ கோப்பையை அவள் பக்கம் நகர்த்தியபடி. "எனக்கும் கொஞ்சம் பொடி குடும்மா. வீட்ல மூணு நாளா பேச மாட்டேங்கறா."

"மூணு நாள் நிம்மதின்னு நினைச்சுக்கோங்கண்ணே. கெடுத்துக்காதீங்க."

அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள். கோப்பையை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறும்போது சிரிப்பு பாதிப் படியிலேயே நின்றுவிட்டது. அப்படி ஒரு பொடி கையில் இருந்திருந்தால் முதல் சிட்டிகையைக் கடல் தாண்டித்தான் தூவியிருப்பாள். அங்கே அவளுடைய தங்கை இருக்கிறாள். பதினான்கு மாதமாகப் பேசவில்லை.

கல்லூரியில் அவளுக்குப் பெயர் மைக் அக்கா. காணொளிச் செய்தித்துறையின் ஸ்டோரை இருபத்தோரு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறாள். கேமரா, முக்காலி, விளக்கு, சட்டையில் செருகும் மைக், எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும், வரும். சார்ஜ் ஏற்றிய பேட்டரிக்குப் பச்சை ஒட்டுத்தாள், தீர்ந்ததற்குச் சிவப்பு. பச்சை ஒட்டிய பேட்டரி பாதியில் செத்துப்போனால் மாணவர்கள் அவளைத் திட்டுவார்கள். அவள் பேட்டரியைத் திட்டுவாள். இவ்வளவுதான் வேலை என்று சேர்ந்தாள்.

அவள் முகத்துக்கு வேலை வந்தது தற்செயலாக. பேட்டி கொடுப்பவர் லென்ஸைப் பார்த்துப் பேசக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். அது பாடம். ஆனால் முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கண் முழுக்கக் கேள்வித்தாளில்தான். எதிரே மனுஷர் தன் வாழ்க்கையையே சொல்லிக்கொண்டிருப்பார். இவர்கள் அடுத்த கேள்வியை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள். பாவம், அவர் யாருடைய உச்சந்தலையைப் பார்த்துப் பேசுவார்? ஒருநாள் துறைத்தலைவர் பொறுமை இழந்து ஸ்டோர் பக்கம் திரும்பி, "ஏம்மா, நீ வந்து இந்த ஸ்டூல்ல உட்காரு. நீ ஒண்ணும் பேச வேண்டாம். பேசறவருக்கு ஒரு முகம் வேணும், அவ்வளவுதான்," என்றார்.

அன்றிலிருந்து அவள் முகம். மாணவர்கள் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து கேள்வி கேட்பார்கள். பதில்கள் அவளிடம் வரும்.

முகமாக இருப்பதற்கும் விதிகள் உண்டு. முதலாவது, வாயால் எந்தச் சத்தமும் வரக் கூடாது. ஒரு சின்ன "ம்" விழுந்தாலும் அது பேசுகிறவர் குரல்மேல் ஏறிக்கொள்ளும், பிறகு வெட்டி எடுக்க முடியாது. ஆகவே தலை மட்டும்தான் ஆட வேண்டும். இரண்டாவது, பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குப் பாயக் கூடாது. மனதுக்குள் ஐந்து எண்ண வேண்டும். "முதல்ல வர்ற பதில் வாசல்ல நிக்கிறதும்மா," என்பார் துறைத்தலைவர். "நீ சும்மா இருந்தா, உள்ள இருக்கிறது எழுந்து வெளிய வரும்."

வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே பள்ளிப் பேருந்து ஓட்டுநர் தன் பையன் தன்னை அப்பா என்று கூப்பிடுவதில்லை என்றார். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் பெண், எந்தக் கறையைப் பார்த்தால் அன்று சாப்பிட முடியாது என்று சொன்னாள். போகும்போது அவர்கள் நன்றி சொன்னது கேள்வி கேட்ட மாணவருக்கு அல்ல. ஒரு வார்த்தை பேசாத அவளுக்கு. வாயைப் பிடுங்குவதைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில், வாயே திறக்காதவள்தான் பெரிய கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினாள்.

அந்தப் பழக்கம் ஸ்டோரோடு நின்றிருந்தால் தேவலை. வீடு வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி மாமியார் கதை சொல்லும்போது நடுவில் நிறுத்தி, "கேக்கறியா, தூங்கறியா?" என்பாள். நம் ஆட்களுக்கு உம் கொட்டாமல் கேட்டால் கேட்ட கணக்கே கிடையாது.

தங்கைக்கும் அப்படித்தான். அம்மா போனபோது சின்னவளுக்கு ஒன்பது வயது, இவளுக்குப் பதினைந்து. தலை பின்னிவிட்டதும், பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டதும், முதல் ஜோடி ஹீல்ஸ் வேண்டும் என்று அடம்பிடித்தபோது முதுகில் ஒன்று வைத்துவிட்டு மறுநாளே வாங்கிக்கொடுத்ததும் இவள்தான். சின்னவள் வாய் ஓயாதவள். பள்ளிக்கூடத்தில் நடந்ததை நடக்காததோடு கலந்து சொல்லிக்கொண்டே வருவாள். கொஞ்சம் உம் கொட்ட மறந்தால், "போக்கா, உன்கிட்ட சொல்றதுக்குச் செவுத்துகிட்ட சொல்லலாம். செவுரு எதிரொலியாவது குடுக்கும்," என்பாள்.

பிறகு கல்யாணம், கடல், இன்னொரு ஊர். பன்னிரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல் போன் வந்தது. அக்கா கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "கேமராவைக் கட்டிக்கிட்டேன், வரதட்சணையா முக்காலி வந்துச்சு," என்பாள். இரண்டு அறை வீடு. உள் அறையில் ஒரு கட்டில் விரித்தபடியே இருக்கும். மாதம் ஒருமுறை உறையைத் துவைத்து மாட்டுவாள். யாரும் படுக்காத உறை எப்படி அழுக்காகும் என்று யாரும் கேட்டதில்லை, கேட்க ஆளும் இல்லை.

பதினான்கு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு, சின்னவள் போனில் ஒன்று கேட்டாள். இவள் பதில் சொல்லவில்லை. சின்னவள் வைத்துவிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை. நான்காம் நாள் ஒரு செய்தி வந்தது: "பரவாயில்லக்கா. எல்லாம் சரியாயிடுச்சு. அந்தப் பேச்சை இனிமே எடுக்காதே." இவள் எடுக்கவில்லை. பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து போகும், ஒரு வாழ்த்து வரும். சின்னவள் அங்கே என்ன ஆனாள், எப்படி இருக்கிறாள் என்று பேட்டரிக்கு ஒட்டுத்தாள் ஒட்டும்போதும் இவள் நினைப்பாள். நினைக்காமல் இருந்த நாள் எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, பட்டாசு ஸ்டோருக்குள் ஓடி வந்தாள். மூன்றாமாண்டு மாணவி. எதிராளி மூச்சு விடுவதற்குள் "அப்படியா!" என்று வெடிப்பதால் அந்தப் பெயர். அவள் எடுத்த கடைசிப் பேட்டியில் பதினான்கு "அப்படியா" எண்ணப்பட்டு, ஒன்றுக்கு ஒரு மதிப்பெண் வீதம் கழிக்கப்பட்டது. இன்றைய பேட்டி இறுதித் தேர்வு.

"அக்கா, போச்சுக்கா! பேட்டி குடுக்க வேண்டிய லிஃப்ட்காரர் வரலை. சத்தியம் பண்ணி வரேன்னார்க்கா. இப்ப போன் பண்ணா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாராம்."

"லிஃப்ட்காரரே லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாரா?"

"அதான்க்கா. அதைப் படம் எடுத்திருந்தா முதல் பரிசே வாங்கியிருப்பேன். இப்ப என்ன பண்றது? மூணு மணி வரைக்கும்தான் அறை. அஞ்சு மணிக்குள்ள ஒப்படைக்கணும். நீங்களே உட்காருங்கக்கா."

"நான் அந்தப் பக்கம் உட்கார்ந்தா இந்தப் பக்கம் முகம் யாரு?"

"நான்தான்."

"நீயா? நாலு நிமிஷம் சும்மா இருப்பியா?"

"சும்மா இருந்து பாக்கறேன்க்கா. ப்ளீஸ்."

அவள் பின்னால் கேமராவைத் தோளில் சுமந்து நின்றவருக்கு முப்பத்திரண்டு வயது. காப்பீட்டு அலுவலக வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவர். உயரம், ஒல்லி, ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை. ஆகவே முக்காலி. "சரியா வரும்," என்று அன்றைய பங்கில் இரண்டைச் செலவழித்தார்.

மைக் அக்கா தன் பேட்டிக்குத் தானே ஏற்பாடு செய்தாள். நிழல் விழாதபடி நாற்காலியைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டாள். இரைச்சல் வராமல் ஏசியை நிறுத்தினாள். மைக்கின் வயரைச் சட்டைக்கு உள்பக்கமாகக் கொண்டுவந்து காலரில் செருகினாள். இதெல்லாம் கை தானாகச் செய்தது. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இந்த நாற்காலி வேறு நாற்காலி. வெளிச்சம் கண்ணில் குத்தியது. தினமும் துடைக்கிற லென்ஸ், ஆழம் தெரியாத கிணறு மாதிரி அவளைப் பார்த்தது.

சத்தம் சரிபார்க்க வழக்கமான கேள்வி: "காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு ரொட்டி. ஒரு முட்டை."

"அவ்வளவுதானா?"

"ஒரு ஆளுக்கு அவ்வளவு போதும்."

பேட்டி தொடங்கியது. அவசரத்தில் அண்டாவுக்குள் கை போகாது என்பார்களே, அதுதான் நடந்தது. பட்டாசு கேட்டதெல்லாம் ஆமாம் சாமி போட வைக்கிற கேள்விகள். இந்த வேலை பிடிக்குமா? பிடிக்கும். அப்படியா! பெருமையா இருக்கா? இருக்கு. அப்படியா! சந்தோஷமா இருக்கீங்களா?

"இருக்கேன்."

"அப்படியா!"

நான்கு நிமிஷத்தில் பதினெட்டுக் கேள்வியும் தீர்ந்துவிட்டன. பட்டாசு கேள்வித்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தேறாது என்று மூவருக்கும் தெரிந்தது. மைக் அக்காவுக்கே பரிதாபமாக இருந்தது. தான் இன்னும் இரண்டு வாக்கியம் நீட்டியிருக்கலாம். ஆனால் பேட்டி என்றால் பேசாமல் இருப்பது என்றுதான் அவள் உடம்பு படித்திருந்தது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. எந்தப் பேட்டி முடிந்தாலும் அறையின் மௌனத்தை அரை நிமிஷம் பதிவு செய்துகொள்வார்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு மௌனம் உண்டு. பின்னால் வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை அதை வைத்துத்தான் அடைப்பார்கள். முக்காலி ஒரு விரலைத் தூக்கினார். யாரும் அசையக் கூடாது, மூச்சுகூட மெதுவாக.

பட்டாசு அசையவில்லை. கேள்வித்தாள் மடியில் கவிழ்ந்து கிடந்தது. இனிக் கேட்க ஒன்றும் இல்லை, நடுவில் வெடிக்கவும் ஒன்றும் இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டு நேராக மைக் அக்காவைப் பார்த்தபடி இருந்தாள். அந்தப் பெண் வாயை மூடி அவள் பார்த்ததே இல்லை. ஈரமான இரண்டு கண்கள், ஒரு முகம். எதிரே இப்படி ஒரு முகம் இருந்து எத்தனை காலம் ஆயிற்று?

"எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா," என்றாள் மைக் அக்கா.

முக்காலி விரலை இறக்கவில்லை. கேமராவையும் நிறுத்தவில்லை.

"ம்," என்றாள் பட்டாசு.

"அம்மா இல்லாத பொண்ணு. நான்தான் வளர்த்தேன். வளர்த்தேன்னு சொன்னா அவளுக்குக் கோபம் வரும். ‘நானே வளர்ந்தேன், நீ கூட நின்னே’ம்பா."

"ம்."

"பதினாலு மாசத்துக்கு முன்னாடி போன் பண்ணினா. முக்கால் மணி நேரம் பேசினா. அவ வீட்டுக்காரர் அடிக்கலை, திட்டலை. ஆனா ரெண்டு வருஷமா அவகிட்ட பேசறதில்லையாம். ஒரே வீட்ல. மேஜையில சீட்டு எழுதி வைப்பாராம். ‘சாவி எடுத்துட்டுப் போ’ன்னு. அந்தச் சீட்டையெல்லாம் சேர்த்து வெச்சிருக்கேன்னு சொன்னா. நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். கடைசில, ‘அக்கா, நான் அங்கேயே வந்துடட்டுமா? உன் கூடவே இருந்துடட்டுமா?’ன்னு கேட்டா."

"ம். ம்."

"நான் எண்ண ஆரம்பிச்சுட்டேன்."

பட்டாசுக்குப் புரிந்தது. கண்கள் அகன்றன.

"வேணும்னு செய்யலை. ஒருத்தர் மனசு விட்டுப் பேசி நிறுத்தினா எனக்குள்ள அதுவா ஓட ஆரம்பிச்சுடும். ஒண்ணு, ரெண்டுன்னு. இன்னும் ஏதோ சொல்லப் போறாங்கன்னு காத்திருப்பேன். மூணு வரைக்கும்தான் வந்தேன். ‘சரிக்கா, புரிஞ்சுது’ன்னா. வெச்சுட்டா." அவள் காலரைத் தொட்டாள், மைக்கில் கரகரப்பு விழுந்திருக்கும், அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "ஆனா நான் தலையாட்டினேன். அவ ‘வந்துடட்டுமா’ன்னு கேட்டதுமே ஆட்டிட்டேன். ஆமா, ஆமான்னு. சமையலறை ஜன்னல்கிட்ட நின்னு, கழுத்து வலிக்கிற அளவுக்கு. போன்ல தலையாட்டினா யாருக்குத் தெரியும்?"

அரை நிமிஷம் எப்போதோ கடந்துவிட்டது.

"ஏன்க்கா, மௌனம் சம்மதம்னு ஊரே சொல்லுது," பட்டாசு வெடித்தேவிட்டாள். "அவங்களுக்கு மட்டும் எப்படி அது மாட்டேன்னு கேட்டுச்சு?"

"ரெண்டு வருஷம் மௌனத்தோட குடித்தனம் பண்ணினவம்மா அவ. அவளுக்கு அதுக்கு ஒரே அர்த்தம்தான்."

"சரி, அதுக்கப்புறமாவது வான்னு சொன்னீங்களா?"

"அந்தப் பேச்சை எடுக்காதேன்னு எழுதிட்டாளே."

"எழுதினா என்ன? எடுக்காம இருந்துட்டீங்களா? பதினாலு மாசமா?"

"இப்ப போய் வான்னா, போனாப் போகுதுன்னு கூப்பிடற மாதிரி இருக்காதா?"

"இருக்காது! அவங்க கேட்டாங்க, நீங்க ஆமான்னு ஆட்டினீங்க. அதைச் சொல்லவே இல்லை. அவ்வளவுதான் பாக்கி. சொல்லுங்கக்கா!"

"பட்டாசு," என்றார் முக்காலி. அன்றைய மூன்றாவது வார்த்தை.

பட்டாசு வாயைப் பொத்திக்கொண்டாள். மைக் அக்கா காலரிலிருந்து மைக்கைக் கழற்றினாள். கோபம் வரவில்லை. இத்தனை வருஷம் ஊரார் கதையெல்லாம் உள்ளே வாங்கியவளுக்கு, தன் கதைக்கு யாரோ உம் கொட்டியது உடம்பெல்லாம் இதமாக இருந்தது. அந்தச் சின்ன "ம்" எத்தனை பெரிய சாமான் என்று நினைத்தாள். அதை ஒலிப்பதிவில் குப்பை என்று ஒதுக்கி ஒதுக்கியே தீர்த்துவிட்டோமே.

முக்காலி பதிவை ஓடவிட்டுப் பார்த்தார். மூவரும் திரைமேல் குனிந்தார்கள். பட்டாசின் குரல் எல்லா இடத்திலும் ஏறியிருந்தது, விதிப்படி பார்த்தால் ஒன்றுமே தேறாது. ஆனால் இந்த ஸ்டோரிலிருந்து போன கேமரா எதுவும் இதைப் போல ஒன்றைக் கொண்டுவந்ததில்லை என்று மைக் அக்காவுக்குத் தெரியும். தன் முகம் என்பதை மறந்து, தொழில்காரியாகப் பார்த்தால் அதுதான் உண்மை.

ஒப்புதல் படிவத்தை எடுத்து வந்தது பட்டாசு. கையில் வைத்துக்கொண்டு நீட்டாமல் நின்றாள். பேட்டி கொடுத்தவர் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்படைக்கலாம். வெள்ளிக்கிழமை அரங்கில் காட்டுவார்கள், அன்றே துறையின் இணையப் பக்கத்தில் ஏற்றுவார்கள். சின்னவள் அந்தப் பக்கத்தைப் பார்ப்பாள். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பழைய படம் ஒன்றுக்குக் கீழே அவள் போட்ட இதயம் இன்னும் இருக்கிறது.

"வேண்டாம்க்கா," என்றாள் பட்டாசு. "மொத பதினெட்டுக் கேள்வியையே குடுத்துடறேன். மார்க் போனா போகுது. அடுத்த வருஷம் எழுதிக்கறேன்."

"நீ ஏன் அடுத்த வருஷம் எழுதணும்? நீ இன்னொரு வருஷம் இருந்தா என்கிட்ட பச்சை பேட்டரியெல்லாம் தீர்ந்துடும்." அவள் படிவத்தை வாங்கிக்கொண்டாள். "போடறேன். ஆனா அவ கேக்க வேண்டியதை அவளுக்கு முன்னாடி ஊர் கேக்கக் கூடாது. அவகிட்ட சொல்லிட்டு வந்து போடறேன்."

"இப்பவேயா?"

"அஞ்சு மணிக்குள்ளதானே கேட்டே?"

மாடிப்படித் திருப்பத்தில் போய் நின்றாள். இங்கே மூன்றரை, அங்கே காலை. வேலைக்குக் கிளம்புகிற நேரம். சின்னவள் ஒரு கிளினிக்கின் முன்மேஜையில் உட்கார்கிறவள். ஒரு கையில் பை, ஒரு கையில் சாவி என்று ஓடிக்கொண்டிருப்பாள். எடுக்க வேண்டுமானால் எதையாவது கீழே வைக்க வேண்டும். அக்கா பெயரைப் பார்த்தால் வைப்பாளா?

முதல் முறை முழுதாக அடித்து ஓய்ந்தது.

செய்தியாக எழுதிவிடலாம் என்று விரல் போனது. ஏற்கெனவே மேஜை நிறையச் சீட்டு வாங்கியவள், அவளுக்கு இன்னொரு சீட்டா? மறுபடி கூப்பிட்டாள்.

எப்படி இருக்கே என்று ஆரம்பிக்கக் கூடாது, சாப்பிட்டியா என்றும் கூடாது. ஆரம்பித்தால் அதிலேயே சுற்றி முடிந்துவிடும். எடுத்ததும் ஒரே வார்த்தை. குரல் வருமோ வராதோ என்ற பயத்தில், மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"வா."

படியில் ஏறி வந்துகொண்டிருந்த கேன்டீன்காரர் காலிக் கோப்பைத் தட்டோடு நின்றார். "என்னையாம்மா கூப்பிட்டே?"

"உங்களை இல்லண்ணே," என்றாள் சத்தமாக. "என் தங்கச்சியை."

அவர் தட்டிலிருந்த கோப்பைகள் சத்தம் போடாமல் இருக்கக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக ஒதுங்கி மேலே போனார். மேல் கதவு இடுக்கில் பட்டாசின் ஒரு கண் தெரிந்தது. மைக் அக்கா படிவத்தைச் சுவரில் அழுத்தி, போனைக் காதோடு இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது.